கண்ணாடிக் கட்டடத்துப் பொலிஸ்

"லஞ்சம் வாங்கிற பொலிஸ்காரர் எல்லாரையும் ஒரே நாளில வீட்டுக்கு அனுப்பினா நாடு திருந்திடும்." நாங்கள் கூடிக் கதைக்கிற இடங்களில யாராவது ஒருத்தர் இதைச் சொல்லாமல் விடுறதில்லை. இதை உண்மையாகவே செய்துபார்த்த நாடு ஒன்று இருக்கிறது. கருங்கடலுக்கும் காக்கசஸ் மலைகளுக்கும் நடுவில இருக்கிற ஜோர்ஜியா. முன்னாள் சோவியத் குடியரசு. சில மாதங்களாக அந்த நாட்டைப் பற்றித்தான் நாங்கள் வாசித்துக்கொண்டும், எங்களுக்குள்ளேயே வாதாடிக்கொண்டும் இருக்கிறோம்.

2003 நவம்பரில, மோசடித் தேர்தலுக்கு எதிராகத் தெருவுக்கு வந்த மக்கள் கையில ரோஜாப் பூக்களோட பாராளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். ஜனாதிபதி ஷெவர்ட்நாட்சே பதவி விலகினார். அடுத்த ஜனவரியில சாகாஷ்விலி ஜனாதிபதியானார். அவருக்கு அப்போது வயது 36. அந்தக் காலத்தில ஜோர்ஜியாவின் போக்குவரத்துப் பொலிஸ் என்றால் வீதியில நின்று காசு பறிக்கிற கூட்டம் என்றுதான் அர்த்தம். சம்பளம் சொற்பம். வாங்கிற காசில மேலதிகாரிக்கும் பங்கு போகும். 2004இல புதிய அரசாங்கம் அந்தப் பிரிவையே கலைத்தது. ஏறத்தாழ 16,000 பேர் வேலை இழந்தார்கள். புதிதாக ஆட்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, சம்பளத்தைப் பல மடங்கு கூட்டி, ரோந்துப் பொலிஸ் ஒன்றை உருவாக்கினார்கள். பொலிஸ் நிலையங்களைக் கண்ணாடியால கட்டினார்கள். உள்ளே நடக்கிறது வெளியில போறவருக்கும் தெரியவேணும் என்பதுதான் செய்தி.

இது வெறும் விளம்பரம் இல்லை. வீதி லஞ்சம் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. உலகமே வந்து பார்த்துவிட்டுப் போனது. 2015இல கீவ் நகரத்தில புதிய ரோந்துப் பொலிஸை உருவாக்க உக்ரேன் அழைத்ததும் ஜோர்ஜியாவின் முன்னாள் உள்துறைப் பிரதி அமைச்சர் எகா ஸ்குலாட்சேயைத்தான்.

சரி, பிறகு என்ன நடந்தது?

2004 முடியிறதுக்குள்ளேயே அரச பாதுகாப்பு அமைச்சை உள்துறை அமைச்சோட சேர்த்துவிட்டார்கள். பொலிஸும் உளவுத்துறையும் ஒரே மேசைக்குக் கீழே வந்தன. 2006 ஜனவரியில, வங்கியில வேலைசெய்த 28 வயது இளைஞர் ஒருவரை உள்துறை அமைச்சின் ஆட்களே கொண்டுபோய் அடித்துக் கொன்றார்கள். அதற்கு ஒழுங்கான விசாரணை நடக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2011இல தீர்ப்பளித்தது. 2007 நவம்பரில எதிர்க்கட்சி ஆர்ப்பாட்டத்தைப் பொலிஸ் அடித்துக் கலைத்தது. அன்றைக்கே இமெடி தொலைக்காட்சிக்குள்ளும் புகுந்தது. குற்றத்துக்குத் துளியும் இடமில்லை என்ற கொள்கையால சிறைகள் நிரம்பின. 2011 அளவில ஏறத்தாழ 24,000 கைதிகள், அதுவும் 45 லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில.

2012 செப்டெம்பரில, திபிலிசியின் குல்டானிச் சிறையில கைதிகளைச் சித்திரவதை செய்கிற வீடியோக்கள் தொலைக்காட்சியில வெளிவந்தன. இரண்டு வாரத்தில தேர்தல். அரசாங்கம் தோற்றது.

இந்த இடத்திலதான் எங்களுக்குள்ள பெரிய வாக்குவாதம் வந்தது. லஞ்சம் ஒழிந்ததே பெரிய விஷயம் என்று சிலர். எங்களில பலருக்கு வேறொன்று பட்டது. ஜோர்ஜியா பொலிஸில *யார்* இருக்கிறார்கள் என்பதை மாற்றியது. பொலிஸ் *யாருக்குப் பதில் சொல்லவேணும்* என்பதை மாற்றவில்லை. வீதியில நிற்கிறவரின் கை சுத்தமானது. அவருக்கு உத்தரவு போடுகிறவரைக் கேள்வி கேட்கப் பலமான நீதிமன்றமோ பாராளுமன்றக் குழுவோ இருக்கவில்லை. கண்ணாடிச் சுவர் வரவேற்பறைக்குத்தான். சிறைக்கூண்டுக்கு இல்லை.

அடுத்து வந்த 'ஜோர்ஜியக் கனவு' கட்சி இதைச் சரிசெய்யப்போறதாகச் சொல்லித்தான் வந்தது. சில வேலைகள் நடந்தன. கைதிகள் பலருக்குப் பொதுமன்னிப்புக் கிடைத்தது. 2015இல பாதுகாப்புச் சேவையை உள்துறையிலிருந்து பிரித்தார்கள். பொலிஸின் அத்துமீறல்களை விசாரிக்க அரச பரிசோதகர் சேவை என்று தனி நிறுவனமும் வந்தது. ஆனால் 2021 டிசெம்பரில, அவசர அவசரமாக ஒரு சட்டத்தை நிறைவேற்றி அந்த நிறுவனத்தையே ஒழித்துவிட்டார்கள். காவலைக் காவல்செய்ய வந்தவர் அதிகாரத்துக்கு இடைஞ்சலானால் அவரைத் தூக்குவது எவ்வளவு லேசு என்று பாருங்கோ.

2024 நவம்பர் 28ஆம் திகதி, ஐரோப்பிய ஒன்றியத்தில இணைகிற பேச்சுவார்த்தையை 2028 முடியும்வரை தள்ளிவைப்பதாகப் பிரதமர் அறிவித்தார். அன்றிரவே ருஸ்தாவேலி வீதி நிரம்பியது. தண்ணீர் பீய்ச்சியடித்தார்கள், கண்ணீர்ப்புகை அடித்தார்கள். முகமூடி போட்ட ஆட்கள் பிள்ளைகளை இழுத்து அடித்தார்கள். முகத்தில் முகமூடி, நெஞ்சில பெயரோ இலக்கமோ இல்லை. யார் அடித்தது என்று யாரிடம் முறையிடுகிறது?

அந்த வீதியில நின்ற இருபது வயதுக்காரர் பலர் ரோஜாப் புரட்சியை ஒட்டிப் பிறந்தவர்கள். சீர்திருத்தமும் அவர்களும் சமவயது. கண்ணாடிப் பொலிஸ் நிலையங்களைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள்.

'முறைமை மாற்றம்' என்ற சொல்லை 2022இல எங்கட நாட்டுத் தெருக்களிலயும் கேட்ட தலைமுறை நாங்கள். அதனால இந்தக் கதை எங்களுக்குத் தூரத்துக் கதையாகத் தெரியவில்லை. எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தமுடியாது. புதிதாக வாறவர் அடித்தால் யாரிடம் போறது, அந்த ஆளை யார் நியமிக்கிறது, நாளைக்கு அரசாங்கத்துக்குப் பிடிக்காவிட்டால் அவரை ஒரு வாரத்தில தூக்கமுடியுமா? மாற்றம் கொண்டுவாறோம் என்று யார் வந்து நின்றாலும், நாங்கள் முதலில கேட்கவேண்டியது இதைத்தான்.