அறம் வானத்திலிருந்து விழவில்லை

காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில் இருக்கிறது நம் ஓரிக்கை. பெயர் வந்த விதத்திற்கு ஒரு கதை உண்டு. தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்தினானாம். மாணவன் பின்னே ஆசான் திருமழிசையாழ்வார் புறப்பட்டாராம். அவர் அழைக்கவே, பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பெருமாளும் பின்தொடர்ந்தாராம். அவர்கள் தங்கிய ஓரிரவு இருக்கையே ஓரிக்கை ஆயிற்றாம்.

கதையை நாம் நம்பவில்லை. ஆயினும் கதை கட்டியவன் தன்னையறியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டான். மானத்திற்காக முதலில் நடந்தவன் மனிதன். அன்புக்காக அடுத்து நடந்தவனும் மனிதன். ஆண்டவன் வந்தது அதற்குப் பின்னால்தான்!

"கடவுள் அச்சம் போனால் ஒழுக்கம் போகும், பகுத்தறிவு பேசும் பிள்ளை பாழாவான்" என்கின்றனர். வீட்டிலும் கேட்டோம், வீதியிலும் கேட்டோம். நாம் திருப்பிக் கேட்கிறோம்: அச்சம் கோலோச்சிய காலத்தில் ஒழுக்கம் தானே காவல் நின்றதா?

இதே சாலையில் தெற்கே சென்றால் விடை கிடைக்கும். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. குடவோலையில் பெயர் எழுதப்பட வேதம் அறிந்திருக்க வேண்டும் என்கிறது அது. வேதம் அறிந்தால் போதுமா? போதாது! வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் ஆகாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் ஆகாது. பிறர் பொருளைக் கவர்ந்தவன் ஆகாது. வேதியரிடமே கணக்குக் கேட்டது ஊர்!

அப்படிக் கேட்கும் அறிவு எங்கிருந்து வந்தது? கூடி வாழ்ந்ததிலிருந்து வந்தது. கூட்டமாக வாழும் உயிர்களின் இயல்புணர்ச்சியே, அறிவு வளர வளர அறவுணர்ச்சியாகும் என்று 1871இல் எழுதினார் டார்வின். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே வேலைக்கு ஒரு குரங்குக்கு வெள்ளரித் துண்டும் அடுத்த குரங்குக்குத் திராட்சையும் தந்தனர். வெள்ளரி பெற்ற குரங்குகள் பல முறை அதை ஏற்க மறுத்தன. எந்த வேதம் படித்தன அவை?

காஞ்சித் தறியைப் பாருங்கள். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் இணைய, நெய்பவருக்குத் துணையாய் இன்னொருவர் கை வேண்டும். ஒருவர் ஏமாற்றினால் இருவர் உழைப்பும் கெடும். அறத்தின் தொட்டில் இத்தகைய கூட்டுழைப்பே.

வளர்ந்த பொருளாதலால் அறத்தில் குறையும் உண்டு. அதே கல்வெட்டில், வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் இல்லாதவனுக்கு இடமில்லை. உழுதவன் எங்கே? பெண் எங்கே? அது வானத்துச் சட்டமென்றால் திருத்த நமக்கு உரிமை ஏது? மனிதன் செய்ததால்தான் மனிதன் திருத்தினான். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 2016இல் தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டமாயிற்று. ஏட்டில் ஒழிந்தது நாட்டில் ஒழியவில்லை. அந்த வேலை நம்முடையது.

தோழர்களே, நம் பொறுப்பு பக்தனின் பொறுப்பினும் பெரிது. தவறு செய்தவனுக்கு அங்கே பரிகாரம் உண்டு, உண்டியல் உண்டு, முழுக்குப் போடக் குளம் உண்டு. நமக்கு அவை இல்லை. சங்கப் பணத்தைத் தொட்டால், கேட்குமுன் கணக்குக் காட்ட வேண்டும். ஒருவனுக்குத் தீங்கிழைத்தால், அவன் வீட்டு வாசலுக்கே சென்று ஈடு செய்ய வேண்டும்.