விட்டுப்போன இடங்கள்

என்னிடம் இரண்டு ஸி.டி. பிளேயர்கள் இருக்கின்றன. ஒன்று ஜப்பானில் செய்தது. 1991இல் உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தார். மற்றது 2004இல் உளுந்தூர்பேட்டைக் கடைத்தெருவில் வாங்கிய சீன வி.ஸி.டி. பிளேயர், முகப்பில் இருந்த பெயர் துடைக்கத் துடைக்க அழிந்துவிட்டது. எது மேல் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் முன்னதைத்தான் சொல்லிவந்தேன்.

சப்தத்தை ஒப்பிடுவதில் நமக்கு நாமே செய்துகொள்ளும் மோசடி ஒன்று உண்டு. எது கொஞ்சம் உரக்க ஒலிக்கிறதோ அதுவே நன்றாயிருப்பதாகக் காது தீர்ப்புச் சொல்லிவிடும். ஆகவே ஒலியளவைச் சமப்படுத்தி, ஒரே ஆம்ப்ளிஃபயரில் இரண்டையும் இணைத்து, எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி வைக்கும்படி பையனிடம் சொன்னேன். சினிமாப் பாட்டில் பத்துக்கு ஐந்து தடவை தவறாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டிருக்கலாம். எம். டி. ராமநாதனில்தான் பிடிபட்டது. அடிக்குரலில் இறங்கி அவர் நின்றுவிடும் இடங்களில் தம்புரா மட்டும் மிஞ்சுகிறது. ஜப்பான் பெட்டியில் அது அறைக்குள் இருந்தது. மற்றதில் தம்புராவுக்குப் பின்னால், தூரத்தில் மழை பெய்வதுபோல் ஓர் இரைச்சல். அவர் பாடும்போது இரண்டும் ஒன்றுதான், நிறுத்தும்போது வேறாகிவிடுகின்றன.

இத்தனைக்கும் இரண்டும் படிப்பது ஒரே எண்களை: விநாடிக்கு 44,100, ஒவ்வொன்றும் 16 பிட். 1982இல் இந்தத் தகடுகள் விற்பனைக்கு வந்தபோதே ஃபிலிப்ஸ் 14 பிட் மாற்றியையும் சோனி 16 பிட் மாற்றியையும் வைத்தார்கள். காதை விட்டுவிட்டு எண்களை வைத்துச் சண்டை போடுவது அன்றே ஆரம்பித்துவிட்டது.

உழைப்பு என்பது வேறு விஷயம். எங்கள் ஊர் சென்னை–திருச்சி சாலையில், சேலம் சாலை பிரிகிற இடத்தில் இருக்கிறது. லாரிகள் கிளப்பும் தூசி எதையும் விடாது. 2012இன் மின்வெட்டுகளில் கரண்ட் போவதைவிடத் திரும்பி வரும் விதம்தான் பயங்கரம். ‘லென்ஸ் போயிடுச்சு சார்’ என்றார் ரிப்பேர் கடைக்காரர். அவர் பாஷையில் லென்ஸ் என்றால் லேஸரும் கண்ணாடியும் சேர்ந்த முழு பாகம். வி.ஸி.டி. பெட்டிக்கு அதைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்து மூன்று முறை மாற்றியாயிற்று. ஜப்பான் பெட்டிக்கு எங்கும் கிடைக்கவில்லை. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்துத் துடைத்து ஓட்டுகிறேன்.

இதையெல்லாம் எழுதக் காரணம் ஒரு தகடு. கவிஞரான என் நண்பர் 1986இல் இந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தம் கவிதைகளை வாசித்ததைக் கேசட்டில் பதிந்திருந்தேன். 1999இல் அவர் இறந்தார். நாடாவில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதும், 2003இல் விழுப்புரத்தில் ஒரு கடையில் கொடுத்து ஸி.டி.யில் எழுதி வாங்கினேன். கேசட் பிறகு போயே போய்விட்டது. அச்சுத் தகட்டில் இருப்பவை குழிகள். எழுதும் தகட்டில் லேஸர் சுட்ட சாயத் தடம்தான். ஒளியையும் அது சற்றுக் குறைவாகவே திருப்பும். ஜப்பான் பெட்டி அதைத் தகடு என்றே ஒப்புக்கொள்வதில்லை. திருட்டு வி.ஸி.டி.க்களும் கைமாறிக் கீறல் விழுந்த தகடுகளும் புழங்கிய சந்தைக்காகச் செய்த மற்றது, போட்டவுடனே படிக்கிறது.

ஆனால் எதைப் படிக்கிறது? தகட்டில் எண்கள் வரிசையாக இல்லை. கலைத்துப் பரப்பி, சரிபார்க்கும் எண்களோடு எழுதப்பட்டிருக்கின்றன. தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் அழிந்தாலும் இழந்ததை அப்படியே மீட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் யந்திரம் அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. அதுவும் முடியாவிட்டால் மௌனமாகிவிடுகிறது. கேட்பவனிடம் எதுவும் சொல்வதில்லை.

நண்பரின் தகட்டில் ஓரத்திலிருந்து சாயம் வெளிறி வருகிறது. கடைசிக் கவிதையின் நடுவில் ஒரு தயக்கம் கேட்கிறது. தயங்கி வாசிப்பது அவர் வழக்கம்தான். ஆனால் அச்சில் அந்த இடத்தில் வரி உடையவில்லை. கேசட்டில் கேட்டதாகவும் ஞாபகமில்லை. என் ஞாபகமும் ஊகித்து நிரப்புகிற வகைதான்.

கணினியில் ஏற்றினால் எந்தெந்த விநாடியில் தகடு சரியாகப் படிக்கப்படவில்லை என்று பட்டியல் கிடைக்கும் என்கிறான் பையன். ‘பார்த்துடலாமாப்பா?’ என்று இரண்டு முறை கேட்டுவிட்டான். இப்போதைக்கு நகல் மட்டும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.