தேதி மாற்றினால் காசு வருமா?

ஜமுனாமரத்தூரில் யார் டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கப் போகிறார்கள் என்று சிரிக்கலாம். போளூரில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி, கோமுட்டேரியில் படகு விட்டு, பீமன் அருவியில் குளித்துவிட்டு, சாயங்காலமே இறங்கிவிடுகிற ஊர். வெளியூர்க்காரர்களுக்கு ஜவ்வாது மலை என்றால் அவ்வளவுதான். ஆனால் அந்த மலையிலிருந்து கீழே இறங்குகிறவர்களும் இருக்கிறார்களே! வேலைக்கு, கல்லூரிக்கு, ஆஸ்பத்திரிக்கு, பரீட்சைக்கு. அவர்களில் பலர் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்கள், எடுத்தது தெரியாமலேயே.

ஐஆர்சிடிசி தளத்தில் ரயில் டிக்கெட் போடும்போது பயணக் காப்பீடு வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். பிரௌசிங் சென்டர்காரர் நம்மைக் கேட்காமலே 'ஆமாம்' என்று டிக் அடித்துவிடுவார். ஆளுக்கு 45 பைசா. 2016 செப்டம்பரில் 92 பைசாவில் ஆரம்பித்த திட்டம் இது. 2023 ஜூனில் பாலசோரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்து நடந்தபோது 35 பைசாவாக இருந்தது. ரயில் விபத்தில் இறந்தால் 10 லட்சம், நிரந்தரமாக முழுதும் முடங்கினால் 10 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரை. 45 பைசாவுக்கு இது பெரிய விஷயம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் 'இன்சூரன்ஸ் போட்டிருக்கேனே, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினால் பிடித்த காசு வருமா?' என்று கேட்டால், வராது. தேதி மாற்றினாலும் வராது. ரயிலைத் தவற விட்டாலும் வராது. அந்தப் பாலிசிக்குத் தெரிந்ததெல்லாம் விபத்து மட்டும்தான்.

இந்தக் குழப்பம் ரயிலோடு நிற்பதில்லை. விமான டிக்கெட்டுக்குப் போனால் காசு பெரிது, குழப்பமும் பெரிது.

ஒரு பையனை வைத்துக்கொள்வோம். ஜமுனாமரத்தூர் பக்கத்துக் கிராமம். டெல்லியில் ஒரு நேர்முகத் தேர்வு. வீட்டில் முதல் முறையாக விமானம் ஏறப் போகிறவன். டிக்கெட் 5,200 ரூபாய், கூடவே சில நூறு ரூபாய்க்கு ஒரு டிராவல் இன்சூரன்ஸ். 'பயணம் ரத்து, பயண மாற்றம், தாமதம் அனைத்துக்கும் பாதுகாப்பு' என்கிற மாதிரி ஒரு வரி திரையில் இருந்தது, அதை நம்பித்தான் எடுத்தான். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் தாய்மாமன் இறந்துவிடுகிறார். மருமகன் இல்லாமல் எடுப்பார்களா? அவன் தேதியைத் தள்ளிப் போடுகிறான். தேதி மாற்றக் கட்டணம் 3,000 ரூபாய். புதிய தேதியில் டிக்கெட் விலை ஏறியிருப்பதால் வித்தியாசம் 2,600. மொத்தம் 5,600. டிக்கெட் விலையைவிட, டிக்கெட்டை மாற்றிய செலவு அதிகம்! (கணக்குக்காகச் சொன்ன தொகைகள்தான். ஆனால் உள்நாட்டு விமானங்களில் நடப்பதைவிட மிகையில்லை.)

இப்போது இன்சூரன்ஸில் என்ன கிடைக்கும்?

முதல் கேள்வி, காரணம் பட்டியலில் இருக்கிறதா என்பது. விஷயமே இங்கேதான் இருக்கிறது. பாலிசிகள் 'நியாயமான காரணம்' என்று பொதுவாகச் சொல்வதில்லை. ஒரு பட்டியல் போடுகின்றன. பயணிக்குத் திடீர் நோய், விபத்து, நெருங்கிய உறவினர் மரணம், மோசமான வானிலையால் விமானம் ரத்து, வேலைநிறுத்தம், இந்த மாதிரி. பட்டியலில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 'நெருங்கிய உறவினர்' யார் என்பதற்கும் உள்ளே ஒரு விளக்கம் இருக்கும். கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லாவற்றிலும் இருப்பார்கள். சிலவற்றில் உடன்பிறந்தவர்கள், மாமனார், மாமியார், தாத்தா பாட்டி வரை வரும். தாய்மாமன் அநேகமாக இருக்க மாட்டார். காது குத்துக்கு மடி கொடுத்தவர், கல்யாணத்துக்கு முதல் மரியாதை வாங்குகிறவர், பாலிசியில் அந்நியர்! 'அங்கிள்' என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் அடக்குகிற நாட்டில் எழுதிய வாசகத்தை இங்கே கொண்டு வந்தால் இப்படித்தான் ஆகும்.

சரி, மாமன் இல்லை, அப்பாவுக்கே நெஞ்சுவலி என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பட்டியலில் இருக்கிறது. அப்போதும் 5,600 வராது. ஏர்லைன் அபராதமாகப் பிடித்த 3,000 மட்டும்தான் 'மாற்றக் கட்டணம்'. விலை வித்தியாசம் 2,600 பெரும்பாலான பாலிசிகளில் சேர்த்தி இல்லை. அந்த 3,000-லும் முதல் 500 உங்கள் பாடு என்று ஒரு கழிவு இருந்தால் கையில் வருவது 2,500. மிச்சம் 3,100 சொந்தக் காசு. டிக்கெட் போடும்போது தளம் பிடிக்கும் கன்வீனியன்ஸ் கட்டணமும், ஏஜென்ட் கமிஷனும் எந்தக் கணக்கிலும் வராமல் போய்விடும். அப்பாவுக்கு ஏற்கெனவே இதய நோய் இருந்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றால், 'முன்பே இருந்த நோய்' என்று மொத்தத்தையும் மறுக்க இன்னொரு பிரிவு தயாராக இருக்கும்.

விலை வித்தியாசத்தை விட்டுவிடுவதில் இன்சூரன்ஸ்காரர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதையும் கொடுப்பதாக இருந்தால் எல்லாரும் மலிவான தேதியில் டிக்கெட் போட்டுவிட்டு, தீபாவளிக்கு முந்தைய நாளுக்கு மாற்றிக்கொண்டு பில்லை நீட்டுவார்கள். ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அதை விற்கும்போதே பெரிய எழுத்தில் சொன்னால் என்ன? 'பயண மாற்றத்துக்குப் பாதுகாப்பு' என்பது திரையில் இருக்கிறது, 'விலை வித்தியாசம் நீங்கலாக' என்பது 30 பக்க பிடிஎஃப்-இல் எங்கேயோ இருக்கிறது.

அடுத்தது, மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல். பையன் எல்லாம் சரியாகக் கிளம்பிவிட்டான். மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் மூன்று மணி நேரம் நின்றுவிட்டது. போளூர், வேலூர் தாண்டி மீனம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் விமானம் கிளம்பிவிட்டது. 'விமானம் தவறியது' என்றால் காசு தரும் பாலிசி கையில் இருக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பாலிசிகள் பெரும்பாலும் ஒரு விமானம் தாமதமாகி அடுத்த விமானம் தவறுவதைத்தான் கணக்கில் எடுக்கின்றன. பஸ் தாமதம் பயணியின் தலையெழுத்து. சில வெளிநாட்டுப் பாலிசிகளில் பொதுப் போக்குவரத்து நின்றுபோனாலும் கொடுக்கிறார்கள், அதற்கும் போக்குவரத்து நிறுவனத்தின் கடிதம் கேட்பார்கள். மரம் விழுந்ததற்குக் கண்டக்டரிடம் கடிதம் வாங்க முடியுமா, சொல்லுங்கள் :-)

2024 நவம்பர் 30-ஐ எடுத்துக்கொள்ளலாம். ஃபெஞ்சல் புயல். அன்று நண்பகலில் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள், மறுநாள் அதிகாலைதான் திறந்தார்கள். அன்று ரத்தான விமானங்களுக்கு ஏர்லைன்களே பணத்தைத் திருப்ப வேண்டும், அல்லது கட்டணமில்லாமல் வேறு தேதி கொடுக்க வேண்டும். ஏர்லைன் கொடுத்துவிட்டால் இன்சூரன்ஸ் கொடுக்காது, ஒரே நஷ்டத்துக்கு இரண்டு பேரிடம் வாங்க முடியாது. நியாயம்தான். ஆனால் புயல் கரையைக் கடந்த பிறகுதான் உள்மாவட்டங்களுக்கு நிஜமான அடி விழுந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலையடிவாரத்தில் நிலச்சரிவு, 7 பேர் இறந்தார்கள். அந்த வாரத்தில் சென்னையிலிருந்து விமானங்கள் ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்தன. வீட்டை விட்டுக் கிளம்ப முடியாமல் தேதியை மாற்றிய ஒருவருக்கு, 'விமானம் பறந்ததே, நீங்களாகத்தானே மாற்றினீர்கள்?' என்ற பதில்தான் வந்திருக்கும். சொந்த வீடே இருக்க முடியாதபடி சேதமானால் கொடுக்கும் பாலிசிகள் உண்டு. வீடு நன்றாக இருந்து ரோடு போய்விட்டால்?

புயலில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வானிலை மையம் 26, 27 தேதிகளிலேயே எச்சரிக்க ஆரம்பித்துவிட்டது. 29-ஆம் தேதி புயலுக்குப் பெயரும் வந்துவிட்டது. அன்று பயந்துபோய் ஒருவர் பாலிசி எடுத்திருந்தால், அது 'ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு'. தெரிந்த நிகழ்வுக்குக் காப்பீடு கிடையாது. வீடு பற்றி எரியும்போது தீ இன்சூரன்ஸ் கேட்பது மாதிரி என்பார்கள்.

பட்டியலில் ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்பதற்காக உலகமே சண்டை போட்டதும் உண்டு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, சாம்பல் மேகம் ஐரோப்பாவை மூடியது. சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்து. பிரிட்டனில் பலரின் பாலிசியில் 'மோசமான வானிலை' என்றுதான் இருந்தது. எரிமலைச் சாம்பல் வானிலையா? வானத்தில்தானே இருக்கிறது என்றார்கள் பயணிகள். சில கம்பெனிகள் கொடுத்தன, சில மறுத்தன. அதற்குப் பிறகு எரிமலைச் சாம்பலைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கவும் விலக்கவும் ஆரம்பித்தார்கள். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமானிகளின் ஓய்வு நேர விதிகளுக்கு ஏற்ப ஆள் இல்லாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததே, அது வானிலையும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. டிக்கெட் பணம் ஏர்லைனிடமிருந்து வந்தது. அதை நம்பிப் போட்ட ஹோட்டலுக்கும் அடுத்த ரயிலுக்கும் அவரவர் பாலிசியின் சொற்களைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

மாணவர்களுக்கு ரொம்ப அவசியமான ஒன்றை விட்டுவிடக் கூடாது. பரீட்சை தள்ளிப் போனால்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தமிழகம் முழுக்க அரையாண்டுத் தேர்வுகளையே தள்ளி வைத்தார்கள். கல்லூரித் தேர்வும் கலந்தாய்வும் மாறுவது நமக்குப் புதிதில்லை. பெரும்பாலான பாலிசிகளில் இது பட்டியலிலேயே இல்லை. கோர்ட் சம்மன் வந்தால் சிலவற்றில் உண்டு, ஹால் டிக்கெட் தேதி மாறினால் கிடையாது.

பரீட்சை என்றதும் ஜவ்வாது மலையில் எல்லாருக்கும் நினைவு வருவது புலியூர் ஸ்ரீபதி. மலையாளி பழங்குடிப் பெண். சிவில் நீதிபதிக்கான முதன்மைத் தேர்வு 2023 நவம்பரில் சென்னையில். பிரசவமும் அதே நேரத்தில். குழந்தை பிறந்து இரண்டே நாளில் காரில் 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, தேர்வு எழுதி, 2024 பிப்ரவரியில் நீதிபதியாகத் தேர்வானார். 23 வயது. அந்தச் செய்தியைப் படித்தவர்களெல்லாம் மனவுறுதியைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது வேறு. அவர் நிலையில் இருக்கும் ஒரு பெண் விமான டிக்கெட் போட்டு, பிரசவம் முன்னால் வந்ததால் தேதியை மாற்றியிருந்தால் காசு கிடைத்திருக்குமா? இயல்பான கர்ப்பமும் பிரசவமும் பெரும்பாலான டிராவல் பாலிசிகளில் வெளிப்படையான விலக்கு. எதிர்பாராத சிக்கல் வந்தால் மட்டும் சிலவற்றில் கொடுப்பார்கள். தாயும் சேயும் நலமாக இருந்தால் கோரிக்கை தள்ளுபடி!

அமெரிக்காவில் 'எந்தக் காரணமானாலும் ரத்து செய்யலாம்' என்று ஒரு வகை விற்கிறார்கள். விலை அதிகம். முதல் பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்க வேண்டும், பெரும்பாலும் 48 மணி நேரம் முன்னதாக ரத்து செய்ய வேண்டும், திரும்ப வருவது பாதி முதல் முக்கால் பங்கு. அதுவும் ரத்துக்குத்தான், தேதி மாற்றத்துக்கு அல்ல. இங்கே டிக்கெட் தளங்கள் விற்கும் 'இலவச ரத்து' வசதிகளில் பல இன்சூரன்ஸே கிடையாது. அந்தத் தளத்தின் சொந்த நிபந்தனைதான்.

டிக்கெட் போடும் அவசரத்தில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பாலிசி பிடிஎஃப்-இல் விளக்கங்கள் என்ற பகுதியில் 'குடும்ப உறுப்பினர்' யார் என்று முதலில் பாருங்கள், பிறகு விலக்குகள் பகுதி. கேட்காமலே டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். முன்கூட்டியே டிக் அடித்து வைத்துப் பயணக் காப்பீட்டை விற்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இலேயே சொல்லிவிட்டது. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் விதிமுறைகளிலும் கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது தடை. தேதியை மாற்றும்போது மாற்றக் கட்டணமும் விலை வித்தியாசமும் தனித்தனியாகத் தெரியும் ரசீதை வாங்கி வையுங்கள். ஒரே தொகையாக இருந்தால் அதைக் காரணம் காட்டியே இழுத்தடிப்பார்கள். உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதி வாங்க வேண்டும், ஒரு வாரம் கழித்து வாங்கிய சீட்டு நிற்காது.

மறுத்துவிட்டால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் பிடிக்காவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. புகார் கொடுப்பதற்காக மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை, தபாலிலேயே அனுப்பலாம்.