பரண் ஏற ஒரு அட்டை

பரண் என்றால் இன்று நம்மில் பலருக்கும் பழைய அண்டா, கொலு பொம்மை, ஓடாத மிக்ஸி எல்லாம் போட்டு வைக்கிற இடம்தான் ஞாபகம் வரும். அம்பத்தூரில் எங்கள் வீட்டில் அதற்கும் ‘லாஃப்ட்’ என்று பெயர் மாறிவிட்டது. தினைப்புனத்தில் கிளியும் பன்றியும் வராமல் காவல் இருக்கக் கட்டிய பரணைப் பள்ளியில் செய்யுள் பகுதியில் படித்து, இரண்டு மதிப்பெண் வாங்கி, மறந்தும் போனோம். அந்தச் சொல்லை அதன் பழைய பொருளில் என் காதால் நான் கேட்டது 2023 இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் வர்ஜீனியாவில். சொன்னவன் ஆவடியில் பிறந்து வளர்ந்த என் பெரியப்பா மகன். “இந்த வாரம் பரண் பாக்கப் போறேன், வர்றியா?” என்றான்.

மூன்று மாத வேலையாகப் போயிருந்தேன். அண்ணன் வீட்டு பேஸ்மென்ட்டில் தங்கல். அண்ணன் அங்கே குடியேறிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பெரியப்பா ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த பையன் நாற்பது வயதுக்கு மேல் வில்லைத் தூக்கிக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறான் என்பதை முதலில் நான் ஒரு மிட்லைஃப் கிறுக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். நமக்கு மான் வேட்டை என்றால் சல்மான் கான் வழக்குதானே. அது குற்றம். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

அங்கே கணக்கு வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா முழுவதும் வெள்ளைவால் மான்கள் சில லட்சமாகக் குறைந்துபோயிருந்தன. இறைச்சிக்கும் தோலுக்கும் சுட்டுத் தீர்த்திருந்தார்கள். பிறகு சட்டம் வந்தது, காடு திரும்பியது. இன்று சுமார் 3 கோடி. நடுவில் ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான இடங்களில் இல்லாமல் போயின. வாஷிங்டனை ஒட்டிய ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டி போன்ற புறநகரில் மானுக்கு எதிரி என்றால் கார்தான். ஒரு சதுர மைலுக்கு 15 முதல் 20 மான் என்றால் காடு தாங்கும் என்கிறது கவுன்டி நிர்வாகம். பல பூங்காக்களில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கிறது. தரையிலிருந்து மானின் வாய் எட்டும் உயரம் வரை இலையே இல்லாத காட்டை நான் அங்கேதான் பார்த்தேன். பெரிய மரங்கள் நிற்கின்றன, அடியில் கன்று ஒன்றுகூட இல்லை. குழந்தைகளே இல்லாத ஊர் மாதிரி.

அதனால் கவுன்டியே வில் வேட்டைத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. துப்பாக்கி கிடையாது. ஆனால் யார் வேண்டுமானாலும் போய்விட முடியாது. வேட்டைப் பாதுகாப்புப் படிப்பு, மாநில உரிமம், பின்னணிச் சரிபார்ப்பு, ஒவ்வொரு ஆண்டும் குறி பார்த்து அம்பெய்து காட்டும் தேர்வு. எல்லாம் முடிந்தால் ஒரு குழுவில் சேர்த்து, ஒரு குறிப்பிட்ட பூங்காவை ஒதுக்குவார்கள். அந்தப் பூங்காவில் மட்டும், அந்த நாட்களில் மட்டும், பரண் மேலிருந்து மட்டும். என் தொழில் பாஷையில் சொன்னால், ‘லீஸ்ட் பிரிவிலேஜ்’. வேலைக்குத் தேவையான அனுமதிக்கு மேல் ஒரு துளிகூடத் தராதே என்ற விதி.

பரணுக்கு மரம் தேடி மூன்று சனிக்கிழமை நடந்தோம். பூங்காவில் நடக்க யாருக்கும் தடையில்லை, அதனால் நானும் போக முடிந்தது.

முதல் மரம் ஓடைக்கரையில். ஈரமண் முழுக்கக் குளம்புத் தடம். நானாக இருந்தால் அங்கேயே ஏறி உட்கார்ந்திருப்பேன். அண்ணன் சட்டைப்பையிலிருந்து சின்ன பவுடர் புட்டியை எடுத்து ஒரு அழுத்து அழுத்தினான். சாயங்காலம் ஐந்தரை மணி. வெள்ளைப் புகை மாதிரி கிளம்பிய பவுடர் மெல்ல இறங்கி, சரிவோடு வழிந்து, ஓடைக்குள் போனது. “காலைல தரை சூடாக ஆக காத்து மேல ஏறும். சாயங்காலம் குளிர்ந்து கீழ இறங்கும். இங்க உக்காந்தா என் வாசனை முழுக்க அது வர்ற வழியிலதான் போய் நிக்கும். மான் கண்ணை ஏமாத்தலாம்டா. மூக்கை முடியாது.”

இரண்டாவது, மேட்டில் ஒரு வெள்ளை ஓக் மரத்தின் பக்கம். அந்தக் கொட்டைகளில் துவர்ப்பு குறைவு, மானுக்கு அது அல்வா. செப்டம்பர் கடைசியிலிருந்து சொத்சொத்தென்று உதிர்கிறது. காற்றும் சரி, தீனியும் சரி. ஆனால் அறுபது எழுபது அடி தள்ளி, புதருக்கு அந்தப்பக்கம், ஜாகிங் பாதை. அண்ணன் திரும்பியே பார்க்கவில்லை.

மூன்றாவது மரத்தில் விசேஷமாக எதுவுமே இல்லை. இரண்டு மேடுகளுக்கு நடுவில் தாழ்ந்த ஒரு கணவாய். பகலில் புதரில் படுத்திருக்கும் மான் சாயங்காலம் ஓக் மரத்துக்குப் போகும்போது அந்தத் தாழ்வு வழியாகப் போகத்தான் அதிக வாய்ப்பு. வடமேற்குக் காற்று அடித்தால் வாசனை மறுபக்கம் போய்விடும். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து மானைக் கலைக்காமல் வரலாம், இருட்டியபின் கலைக்காமல் திரும்பலாம். எல்லாவற்றையும் விட, பின்னால் மண்மேடு.

அந்த மண்மேடுதான் முடிவு செய்தது. 18 அடி உயரத்திலிருந்து 20 கஜம், அதாவது 60 அடி தள்ளி நிற்கும் மானை நோக்கி எய்தால், குறி தப்பினாலும் அம்பு மானைத் தாண்டி ஏழெட்டு அடிக்குள் மண்ணில் குத்தி நின்றுவிடும். பரண் என்பது ஒளிந்துகொள்வதற்கு என்று நினைத்திருந்தேன். ஊருக்குள் நடக்கும் வேட்டையில் அதற்கு வேறொரு வேலையும் இருக்கிறது. அம்பைத் தரையை நோக்கித் திருப்பிவிடுவது. மான் அதிகம் வருகிற மரத்தை அண்ணன் தேடவில்லை. தப்பு நடந்தாலும் யாருக்கும் அடிபடாத மரத்தைத் தேடினான்.

வீட்டுப் பின்பக்கம் பயிற்சி. காம்பவுண்டு வில்லில் இரண்டு ஓரத்திலும் உருளைகள் இருக்கும். இழுக்கத் தொடங்கும்போது 60 பவுண்டு கனம், முழுக்க இழுத்து நிறுத்தியதும் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் கையில் மிஞ்சும். அம்பு நொடிக்கு 280 அடி போகிறது என்று வைத்துக்கொண்டால் 60 அடியைக் கடக்க 0.21 நொடி. நாண் சத்தம் 0.05 நொடியிலேயே போய்ச் சேர்ந்துவிடும். மிச்சம் இருக்கும் 0.16 நொடியில் பாய்வதற்காக மான் உடம்பைத் தாழ்த்தும். நுரையீரலுக்கு வைத்த குறி முதுகில் போய் விழும். அதனால்தான் 20 கஜத்துக்கு மேல் எய்வதில்லை என்று அவன் தனக்கே ஒரு கோடு போட்டிருந்தான். அறுபது கஜத்தில் தெர்மாகோல் மானை அடிக்கிறவன், உயிருள்ள மானுக்கு இருபதோடு நிறுத்திக்கொள்கிறான்.

அம்பு துப்பாக்கி மாதிரி அதிர்ச்சியால் கொல்வதில்லை. பிளேடு மாதிரியான முனை, உள்ளே போய் ரத்தத்தை வெளியேற்றுகிறது. பக்கவாட்டில் நின்றால் மட்டும், இரண்டு நுரையீரலும் ஒரே நேர்கோட்டில் வந்தால் மட்டும் எய்ய வேண்டும். எய்த பிறகு குறைந்தது அரை மணி நேரம் இறங்கக் கூடாது. இலையில் விழுந்த ரத்தம் நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சையாகக் கலந்திருந்தால் குடல், அப்போது பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். அது வேதனையோடு சாகிற மான். “அந்தப் பச்சையை மட்டும் நான் பாத்துடக் கூடாதுன்னுதான் இவ்ளோ பிராக்டீஸும்,” என்றான். அதற்குப் பிறகு இதைக் கிறுக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை.

வேட்டை நாளில் நான் போக முடியாது. அட்டை அவன் பெயரில் மட்டும். வாசனையில்லாத சோப்பில் குளித்தான். துணி பளிச்சென்று தெரிய வைக்கும் டிடர்ஜென்ட்டை ஒரு மாதமாகவே நிறுத்தியிருந்தான். மானுக்கு ஆரஞ்சு சரியாகத் தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். ஹார்னஸை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். பரண் வேட்டையில் ஆள் அடிபடுவது பெரும்பாலும் மரத்திலிருந்து விழுந்துதான். இரண்டு சாயங்காலம் வெறுங்கையோடு வந்தான். ஒருநாள் காற்று திரும்பியது, இறங்கிவிட்டான். இன்னொரு நாள் மான் வந்தது, ஆனால் முகத்தை இவன் பக்கம் வைத்தே நின்று, அப்படியே போய்விட்டது.

மூன்றாவது சாயங்காலம் 6:50-க்கு மெசேஜ் வந்தது. “பெண்மான். இறங்கல இன்னும்.” எண்ணிக்கை குறைய வேண்டுமானால் பெண்மான்தான் குறைய வேண்டும். கொம்பு இருக்கும் ஆணை எடுத்தால் போட்டோ நன்றாக இருக்கும், கணக்கு மாறாது. அரை மணி கழித்து இன்னொன்று: “ரோஸ் கலர்.” நான் சமையலறையில் நின்று அந்த இரண்டு சொற்களைப் பலமுறை படித்தேன். ஒரு உயிர் போன செய்தியில் எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை எங்கே வைப்பது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு வீடியோ காலில் பெரியப்பாவிடம் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஏண்டா, இதுக்காடா உன்னை இன்ஜினியரிங் படிக்க வெச்சேன்? அங்க போய் நரிக்குறவன் வேலை பாக்குறியா?” என்றார்.

அண்ணன் கோபப்படவில்லை. “ஏம்பா, நம்ம வீட்டுக்கு கௌதாரி கொண்டு வருவாரே அந்தத் தாத்தா, அவர்கிட்ட வாங்கித்தானே சாப்பிட்டோம்?” என்று மட்டும் கேட்டான். பெரியப்பா வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அந்தத் தாத்தாவை நான் பார்த்ததில்லை, அண்ணன் சொல்லித்தான் தெரியும். எண்பதுகளின் கடைசி. ஆவடியைச் சுற்றி ஏரியும் முள்காடும் இன்னும் மிச்சம் இருந்த காலம். கூண்டில் ஒரு பழக்கிய கௌதாரி, தோளில் வலை. வாயாலேயே கௌதாரி மாதிரி கூப்பிடுவாராம். ஒருநாள் பையன்கள் பின்னாலேயே போனபோது, நின்று, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரல்நுனியால் தூவி, அது போகும் திசையைப் பார்த்துவிட்டு வழியை மாற்றிக்கொண்டாராம். “பவுடர் புட்டி இங்க பன்னெண்டு டாலர்டா. அவர் ஓசில பண்ணாரு,” என்றான் அண்ணன். சில வருடம் கழித்து அதே தாத்தா பாசிமணியோடு வந்தார். அதற்கும் பிறகு வரவில்லை.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தொடக்கத்தில் சிறு வேட்டைக்கு உரிமம் வாங்கும் வழி இருந்தது. ஆனால் அந்தத் தாத்தா எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தில், யார் கையெழுத்தோடு அதை வாங்கியிருப்பார்? 1991 திருத்தம் அந்த வழியையும் மூடியது. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பல பத்தாண்டுக் கோரிக்கை. அதே ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் ஆவடி நரிக்குறவர் குடியிருப்புக்கு வந்ததை எல்லா சேனலும் காட்டின. அண்ணன் ஒரு காகிதத்துக்காக வரிசையில் நின்றான், நீ வேட்டைக்காரன் என்று சொல்லும் காகிதம். இவர்களும் ஒரு காகிதத்துக்காக நின்றார்கள். வேட்டையெல்லாம் கைவிட்டுப்போன பிறகு, நீங்கள் யார் என்று சொல்லும் காகிதம்.

இந்தியாவில் வேட்டையைத் திறந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிண்டி தேசியப் பூங்காவின் மொத்தப் பரப்பே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். நம்மிடம் மிச்சமிருக்கும் காட்டுக்கு அந்தச் சட்டம் தேவை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடுவதற்கு 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அனுமதி தந்தபோதும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினர் மட்டும் என்றுதான் எல்லை வைத்தது. அது புரிகிறது. எனக்குப் புரியாமல் இருப்பது, காற்றைப் படிக்கத் தெரிந்த ஒரு ஆளின் அறிவுக்கு நம் ஊரில் பாசிமணியைத் தவிர வேறு வழியே இல்லையா என்பதுதான்.

வழி இருந்திருக்கிறது, ஒரே ஒரு இடத்திலாவது. பாம்புத்தோல் வியாபாரம் தடைபட்டு இருளர்கள் பிழைப்பில்லாமல் நின்றபோது, ரோமுலஸ் விட்டேக்கரும் அவர்களும் சேர்ந்து 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. எந்தப் பாம்பு, எத்தனை என்று வனத்துறை அனுமதி தருகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். விஷத்தை எடுத்துவிட்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து. அங்கிருந்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளை வாரக்கணக்கில் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

அதே அறிவுதான். கையில் ஒரு அட்டை இருந்தால் பத்மஸ்ரீ, இல்லையென்றால் பெரியப்பா சொன்ன அந்த வார்த்தை. அண்ணனுக்கு அட்டை கொடுக்க ஒரு கவுன்டி இருந்தது, படிப்பு இருந்தது, விண்ணப்பிக்க ஆங்கிலம் இருந்தது. கௌதாரித் தாத்தாவுக்கு இருந்தது ஒரு சிட்டிகை மண். அவருடைய பேரப்பிள்ளைகள் யாராவது இப்போது ஆவடியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கலாம், புதிய சாதிச் சான்றிதழோடு. அவர்கள் வேட்டைக்காரர்கள் ஆக வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. ‘காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?’ என்று வாத்தியார் கேட்டால் அவர்கள் வெட்கப்படாமல் குனிந்து மண்ணை எடுக்க வேண்டும், அதைப் பார்த்து வகுப்பு சிரிக்காமல் இருக்க வேண்டும்.