பிரேக் ஆயில் ஆயில் அல்ல

ஊரில் எல்லோரும் அதை பிரேக் ஆயில் என்றுதான் சொல்கிறோம். மெக்கானிக் ஷெட்டிலும் அப்படித்தான், ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் அப்படித்தான். ஆனால் அது ஆயில் இல்லை. கிளைக்கால் வகைத் திரவம். தண்ணீரோடு கலக்கும், எண்ணெயோடு சேராது. பெண்ணாடத்தில் 26 வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன் நான். பாஸ்கல் விதி வரும்போதெல்லாம் கார் பிரேக்கைத்தான் உதாரணம் சொல்வேன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

என் வியாதி கஞ்சத்தனமும் கைத்திறன் பெருமையும் சேர்ந்தது. கடையில் கிடைக்கும் எதையும் நாமே செய்துவிடலாமே என்று தோன்றும். பழைய மாருதி 800 ஒன்று வைத்திருந்தேன். அதற்காகவே கொல்லையில் ஒரு கொட்டகை. ஐந்து லிட்டர் ஆயில் கேனைப் படுக்கவைத்து வயிற்றை அறுத்தால் வடிதட்டு தயார். மூடியைத் திருகித் திறந்து, வடிந்ததை அப்படியே இன்னொரு கேனுக்கு மாற்றிக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டினால் புனல். மரக்கடையில் வாங்கிய பழைய ஸ்லீப்பர் கட்டை இரண்டைச் சாய்வாகச் சீவி, காரை ஏற்றி நிறுத்த மேடை. (வடித்த கழிவு ஆயிலை வேலிக் கம்பங்களுக்குக் கறையான் மருந்தாகப் பூசினேன். மிச்சத்தைக் கொல்லை மண்ணில் ஊற்றினேன். பதினைந்தடி தள்ளி எங்கள் கைபம்பு. அதுவும் குற்றம்தான். இன்றைக்குச் சொல்ல வந்தது அது இல்லை.)

இத்தனையிலும் நான் மார்தட்டிக்கொண்டது பிரேக்கில் ஏர் எடுக்கும் பாட்டில். வழக்கமாக இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்குள் பெடலை விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். என் மனைவி இரண்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "உங்க திட்டு வாங்க வேற ஆளைப் பாருங்க" என்று எழுந்து போய்விட்டாள். அதன்பிறகு ஒரு கண்ணாடிக் குழாயைப் போலத் தெளிவான குளுக்கோஸ் டியூபை நிப்பிளில் மாட்டி, மறுமுனையை பாட்டிலில் கொஞ்சம் புது பிரேக் ஆயிலுக்குள் முக்கி வைத்தேன். முனை திரவத்துக்குள்ளேயே இருக்கிறவரை, பெடல் திரும்பும்போது அது காற்றை இழுக்காது, திரவத்தைத்தான் இழுக்கும். ஆனால் டியூப் மிதந்து மேலே வந்துவிடும். அதை அமுக்கி வைக்க விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் கழித்துப்போட்ட ஃபியூஸ் கட்டை ஒன்றின் உடைந்த துண்டைக் கட்டினேன். பீங்கானை பிரேக் ஆயில் ஒன்றும் செய்யாது. இதை வகுப்புக்கே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

தப்பு அந்தப் பாட்டிலில் நடக்கவில்லை. ஊசியில் நடந்தது.

மாருதியின் கியர் பெட்டியில் ஆயில் ஊற்றும் துளை பக்கவாட்டில் இருக்கும். கேனைச் சாய்த்து ஊற்ற முடியாது. அதற்காக மருந்துக்கடையில் 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி, நுனியில் டியூப் செருகி வைத்திருந்தேன். 2011 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கியர் ஆயில் வேலை முடிந்து வெளியே வந்தவன், பானெட்டைத் திறந்தபடியே பிரேக் ஆயில் டப்பாவையும் பார்த்தேன். கருத்திருந்தது. காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் குடித்து அது கெடும். டாட் 3 என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறினால் 140 வரை இறங்கிவிடும். எல்லாம் தெரியும். கையில் இருந்தது கியர் ஆயில் ஊசி. இன்னொரு ஊசியின் விலை, கடைத்தெருவில் ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடும் காசு. பெட்ரோலில் அலசி, துணியால் துடைத்து, அதே ஊசியால் பழையதை உறிஞ்சி, அதே ஊசியால் புதியதை ஊற்றினேன்.

பிரேக்கில் இருக்கும் ரப்பர் கிளைக்காலுக்கென்று செய்தது. பெட்ரோலியத்திலிருந்து வந்த எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். டியூபின் உள்சுவரில் ஒட்டியிருந்த பிசுக்கே போதுமானதாக இருந்தது. மூன்றாம் வாரம் விருத்தாசலத்திலிருந்து திரும்பி வரும்போது கார் இழுக்கவில்லை. லைனிங் கருகும் நாற்றம். இறங்கி முன்சக்கரத்தில் தண்ணீர் தெளித்தேன், சுர்ரென்று ஆவியானது. பின்சீட்டில் என் மாமியார் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் உப்பி, திரவம் திரும்பிப் போகும் துளையை அடைத்துக்கொண்டதால், மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஒரு ஷெட்டில் பிரேக் ஷூ மாற்றியிருந்தேன். அங்கேயே கட்டி இழுத்துக்கொண்டு போனோம். மெக்கானிக் டப்பாவின் மூடியைக் கழற்றினார். மூடிக்குள் இருந்த ரப்பர் அப்பளம் மாதிரி நெளிந்து, திரும்ப உட்காரவே இல்லை. "ரப்பர் ஊதிப்போச்சு சார். பெட்ரோலோ ஆயிலோ கலந்திருக்கு. வேற யாராவது கை வச்சாங்களா?"

"யாரு கை வைக்கப் போறாங்க? உங்க ஷெட்டுலதானே ஷூ மாத்துனது" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. மூடியைப் பார்த்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. வாய் அதற்குள் முந்திக்கொண்டது. சிவஞான போதம் தந்த மெய்கண்டார் எங்கள் ஊர்க்காரர் என்று வெளியூர் ஆட்களிடம் பெருமை பேசுகிறவன் நான். அன்று மெய்யைக் கண்டுகொண்டே நின்றேன்.

மெக்கானிக் திரும்பி, உதவிக்கு இருந்த பையனின் கன்னத்தில் ஒன்று விட்டார். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன் அவன். பத்தாவதோடு நின்று ஷெட்டுக்குப் போனவன். அடித்த முதலாளியிடம் அவன் எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "புது டப்பாவ உடைச்சுத்தான் ஊத்துனேன் சார்" என்றான். நான் ரயில்வே கேட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் சிலிண்டர் கிட், பின்சக்கர சிலிண்டர்களின் ரப்பர், முன்பக்க காலிப்பர் சீல், ஹோஸ் எல்லாம் மாற்றி, லைன் முழுக்கக் கழுவி, இரண்டு நாள் வேலை. "எங்க தப்பு சார், வேணாம்" என்று அவர் காசு வாங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 3,400 ரூபாய் வரும். நான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பையன் குடிக்கவில்லை. அந்த மாதமே வேலையை விட்டுத் திருப்பூர் பக்கம் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

காரை விற்றாகிவிட்டது. ஊசி கொட்டகை ஆணியில் இன்னும் தொங்குகிறது. ஷெட் அதே இடத்தில்தான் இருக்கிறது. மாலை நடைக்கு அந்த வழியாகத்தான் போகிறேன். அவர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார். பணம் இன்னும் கொடுக்கவில்லை. அவருக்குப் பத்திரிகை படிக்கும் வழக்கம் கிடையாது. அது தெரிந்துதான் இதை இங்கே எழுதுகிறேன்.