மரங்களின் தாய் நடந்த மண்ணில்

ஆபிரிக்கா என்றதும் வெயிலும் வரட்சியும்தான் எம்மில் பலருக்கு நினைவு வரும். கென்யாவின் தலைநகரான நைரோபியில் இறங்கிய காலையில் எனக்குக் கம்பளிச் சட்டை தேவைப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்தில், நமது நுவரெலியாவைவிடச் சற்றே தாழ்வாக இருக்கும் நகரம் அது. மசாய் மக்களின் மொழியில் நைரோபி என்றால் குளிர்ந்த நீர் என்று பொருளாம்.

பெண்கள் அமைப்புகளுக்கான பயிற்சிச் செயலமர்வு ஒன்றுக்காகச் சென்றிருந்தேன். கென்யாவில் 2017 ஓகஸ்ட் முதல் பொலித்தீன் பைகளுக்குத் தடை. புறப்படும் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆகவே பயித்தம் பணியாரம்கூடத் துணிப்பையில்தான் வந்து சேர்ந்தது. மதியத்தில் சோளமாவைக் களிபோல இறுக்கமாகக் கிண்டிக் கீரைச் சுண்டலோடு தந்தார்கள். கையால் உருட்டி உண்ணும் சாப்பாடு. எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

அங்கே வயது வந்த பெண்களை மரியாதையாக "மாமா" என்று அழைக்கிறார்கள். சுவாகிலி மொழியில் மாமா என்றால் அம்மா. சந்தையில் கீரை விற்பவரையும் மாமா என்று கூப்பிடக் கேட்டு, முதல் நாள் முழுவதும் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. "மாமா மிற்றி" என்று ஒருவரை எல்லோரும் சொல்கிறார்கள். மரங்களின் தாய் என்று அர்த்தம். அவர் பேராசிரியர் வங்காரி மாத்தாய். செயலமர்வு முடிந்து கிடைத்த ஒரு நாளை அவர் நடந்த இடங்களைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கினேன்.

1940இல் மலையகக் கிராமம் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அமெரிக்காவில் உயிரியல் படித்தார். 1971இல் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கிழக்கு, மத்திய ஆபிரிக்காவில் ஒரு பெண் பெற்ற முதலாவது கலாநிதிப் பட்டம் அது. மாடுகளுக்கு நோய் பரப்பும் உண்ணிகளைச் சேகரிக்கக் கிராமங்களுக்குப் போனபோதுதான், மாடுகள் எலும்பும் தோலுமாக நிற்பதையும் மழைநீர் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடுவதையும் கண்டார். கிராமத்துப் பெண்களோ விறகுக்கு வெகுதூரம் நடக்கவேண்டியிருக்கிறது, நல்ல தண்ணீர் இல்லை, பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு இல்லை என்றார்கள். படித்தவர்கள் பலர் இதை வெறும் முறைப்பாடாகக் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இவர் இதையும் ஆய்வுத் தகவலாகவே எடுத்துக்கொண்டார். அவருடைய விஞ்ஞானத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1977 யூன் 5ஆம் திகதி, உலகச் சுற்றாடல் தினத்தன்று, நைரோபியில் ஏழு மரங்கள் நடப்பட்டன. பசுமைப் பட்டி இயக்கம் அப்படித்தான் தொடங்கியது. ஆரம்பத்தில் வன அதிகாரிகள் பெண்களுக்கு மரம் நடுவதைப் படிப்பிக்க வந்து, விளங்காத சொற்களில் விரிவுரை செய்தார்களாம். சோளனும் அவரையும் நட்டுப் பழகிய கைகளுக்கு விரிவுரை எதற்கு? பெண்கள் தாங்களே விதை பொறுக்கி, உடைந்த பானைகளிலும் தகரப் பேணிகளிலும் கன்று வளர்த்தார்கள். "டிப்ளோமா இல்லாத வன உத்தியோகத்தர்கள்" என்ற பெயர் அவர்களுக்கு வந்தது. நட்டதற்குக் காசில்லை, பிழைத்து நின்ற கன்றுக்கு மாத்திரம் சிறு தொகை. நமது ஊர்களில் படம் எடுத்து முடிந்ததும் மறக்கப்பட்ட மரநடுகைகளை நினைத்தபோது இந்த விதியின் அருமை விளங்கியது. அந்த இயக்கத்தின் கணக்கில் இதுவரை ஐந்து கோடிக்கும் மேற்பட்ட மரங்கள்.

அவருடைய வீட்டு வாழ்க்கை இலகுவாக இருக்கவில்லை. கணவர் விவாகரத்துப் பெற்றதோடு, தன் பெயரையும் அவர் பாவிக்கக்கூடாது என்றார். வங்காரி அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துக்களோடு இன்னுமொரு 'ஏ' எழுத்தைச் சேர்த்துத் தனக்கென ஒரு பெயரை ஆக்கிக்கொண்டார். மூன்று பிள்ளைகளோடு தனித்து நின்றவர் என்பதை வாசிக்கும் சகோதரிகள் கவனிக்கவேண்டும்.

காலையில் உகுரு பூங்காவுக்குப் போனேன். உகுரு என்றால் சுதந்திரம். நகரின் நடுவில் புல்வெளியும் சிறு ஏரியுமாக ஏழைகளும் வந்து காலாற இருக்கக்கூடிய இடம். 1989இல் அங்கே 60 மாடிக் கட்டடம் எழுப்ப அரசு முனைந்தது. வங்காரி கடிதம் மேல் கடிதம் எழுதினார். பாராளுமன்றத்தில் அவரைக் கேலி செய்தார்கள். கடைசியில் கட்டடம் எழும்பவில்லை.

அந்தப் பூங்காவின் ஒரு மூலைக்குச் சுதந்திர மூலை என்று பெயர். அங்கே நான் அதிக நேரம் நின்றேன். 1992 பெப்ரவரி இறுதியில், அரசியல் கைதிகளான பிள்ளைகளை விடுவிக்கக் கோரி வயதான தாய்மார் அங்கே உண்ணாவிரதம் தொடங்கினார்கள். வங்காரியும் அவர்களோடு அமர்ந்தார். மார்ச் 3ஆம் திகதி பொலிசார் கண்ணீர்ப்புகை வீசி அடித்துக் கலைத்தார்கள். வங்காரி மயங்கி விழுந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தாய்மார் வீடு திரும்பவில்லை. அருகிலிருந்த தேவாலயத்தில் தங்கிப் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். 1993 தொடக்கத்தில்தான் பிள்ளைகள் விடுதலையானார்கள்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் கொட்டிலிட்டு அமர்ந்த நமது தாய்மாரின் முகங்கள் எனக்கு முன்னால் வந்தன. அங்கே பிள்ளைகள் வந்தார்கள். அதற்குமேல் அந்த இடத்தில் எதையும் நினைக்க முடியவில்லை.

மதியத்துக்குப் பின் நகரின் வடக்கே கருரா வனத்துக்குப் போனேன். ஆயிரம் ஹெக்டேயர் அளவான காடு. 2020 யூன் முதல் இத்தகைய பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குள் பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோக முடியாது. 1998இல் இக்காட்டின் நிலம் பணக்கார வீடுகளுக்காக இரகசியமாகப் பங்கிடப்பட்டிருந்தது. 1999 சனவரி 8ஆம் திகதி கன்று நடப்போன வங்காரியைக் கூலிக்கு அமர்த்தப்பட்ட காவலர்கள் தாக்கினார்கள். தலையில் காயம். பொலிஸ் முறைப்பாட்டில் அந்த இரத்தத்தாலேயே ஒப்பமிட்டார். அவ்வருடம் ஓகஸ்டில் பொதுக்காணிகளைப் பிரித்துக் கொடுப்பதை சனாதிபதி நிறுத்தினார். 2002இல் வங்காரி பாராளுமன்றம் சென்றார். 2004இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு. 2011 செப்டெம்பர் 25இல் காலமானபோது அவருடைய விருப்பப்படி மரப்பெட்டி செய்யவில்லை. மூங்கிலும் நாணலும் ஆகாயத்தாமரைத் தண்டும் கொண்டு பின்னிய பெட்டியில்தான் கொண்டுபோனார்கள்.

வழிகாட்டியாக வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். காட்டை ஒட்டிய குடியிருப்பைச் சேர்ந்தவர். "என்னுடைய அம்மா இங்கே விறகுக்கு வரும்போது நாலைந்து பேராகத்தான் வருவார், கள்வர் பயம். இப்போது நான் தனியாக நடக்கிறேன்," என்றார். கருவெள்ளைக் குரங்கொன்று நீண்ட வெண்வாலைத் தொங்கவிட்டபடி எங்களைப் பார்த்தது. ஓடையின் சத்தம் கேட்கும் இடத்தில் பெரியதோர் அத்தி மரத்தைக் காட்டினார். கிக்குயு மக்களுக்கு அது புனித மரம். அத்தியின் விறகைப் பொறுக்காதே, அது கடவுளின் மரம் என்று வங்காரியின் தாயும் சொல்லி வளர்த்தாராம். அதன் ஆழமான வேர்களே மண்ணையும் நீரூற்றையும் காத்தன என்பதை மகள் பல்கலைக்கழகம் போய்த் திரும்பி வந்தபின்தான் அறிந்தார். அதற்குள் ஊரிலிருந்த அந்த மரத்தை வெட்டியிருந்தார்கள். ஓடையும் வற்றியிருந்தது.

கருராவின் அத்திக்குக் கீழே காய்ந்த சுள்ளிகள் நிறையக் கிடந்தன. அடுப்புக்கு நன்றாக எரியும் விறகு. "இதை மட்டும் எங்கள் பெண்கள் எடுப்பதில்லை, மாமா," என்றார் அந்தப் பெண்.