லிப்டன் சீட்டில் அம்மா

என் அம்மா முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து எடுத்தவர். அப்புத்தளைக்குப் பக்கத்தில் உள்ள லிப்டன் சீட்டை மட்டும் பார்த்ததேயில்லை. "அங்கேயும் தேயிலைதானே" என்பார். ஒரு சனிக்கிழமை பிடிவாதமாகக் கூட்டிப்போனேன்.

தம்பேதென்ன தொழிற்சாலை வரை பஸ். லிப்டன் 1890இல் கட்டியது அது. அங்கிருந்து சுமார் 7 கிலோமீட்டர் ஏற்றம். ஓட்டோ இருக்கிறது, அம்மாதான் நடப்போம் என்றார். போக நினைக்கும் சகோதரிகளே, விடியலிலேயே புறப்படுங்கள். நேரம் போனால் பனிமூட்டம் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

வழியெல்லாம் லயங்கள், சின்னக் கோயில்கள், கொழுந்து மலைகள். அம்மா நடையை நிறுத்தி, "இன்னைக்கு எத்தனை கிலோ கேக்கிறாங்க?" என்று அங்கிருந்த பெண்களிடம் விசாரித்தார். கால் மணி நேரம் பேச்சு. இரண்டு வெள்ளைக்காரர்கள் அவர்களைச் சிரிக்கச் சொல்லிப் படமெடுத்தார்கள். "இந்த நேரத்துக்கு ரெண்டு கிலோ எடுத்திருக்கலாம்" என்றார் அம்மா, எனக்கு மட்டும் கேட்க.

உச்சியில் வாங்கில் உட்கார்ந்தபடி லிப்டனின் சிலை. பக்கத்தில் இடம் காலி.

"தொரை பக்கத்துலயா?" என்று தயங்கினார். பிறகு சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கீழே தெற்கே தாழ்நிலம் நீலமாகத் தெரிந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. கொஸ்லந்தை இருக்கும் திசையைக் கேட்டார். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை லயங்கள் மண்சரிவில் புதைந்தபோது, அவரோடு நிறை பிடித்த ஒருத்தியும் போய்விட்டாள். வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்திருந்தார்.

கடையில் ரொட்டியும் பிளேன்டீயும் வாங்கினோம். இறங்கும்போது, "துன்ஹிந்தைக்கு எப்ப போறது?" என்றார்.